குளச்சல் தொகுதியிலிருந்து அமைச்சரவைக்கு: லூர்தம்மாள் சைமனின் ஐந்தாண்டுகளை எப்படி எழுதுவது?

கேள்வி: குருந்தன்கோடு வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில், குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1ஆம் நாளையொட்டி, மாவட்டத்தின் பொதுவாழ்வில் இருந்த ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை வாசிப்பது வழக்கம். மார்ஷல் நேசமணியைப் பற்றியும், பூதப்பாண்டி ஜீவாவைப் பற்றியும் முன்பே வாசித்தாயிற்று. இந்த ஆண்டு பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. குளச்சல் தொகுதியிலிருந்து 1957இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1962 வரை காமராஜர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமனைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

எழுத உட்கார்ந்ததுமே தடை வந்துவிட்டது. கிடைக்கிற மேடைப் பேச்சுகளும் நினைவுக் குறிப்புகளும் மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்றன: கடலோரச் சமூகத்தைச் சேர்ந்தவர், காமராஜர் அடையாளம் கண்டு அமைச்சராக்கினார், மீன்வளத்தைக் கவனித்தார். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஐந்தாண்டுகள் அமைச்சராக இருந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் துறையில் அந்த ஐந்தாண்டுகளில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லாமல் எழுதுவது, பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டு அவரைக் கைகழுவுவதாகவே எனக்குப் படுகிறது. ஒரு தலைவரை யார் கண்டெடுத்தார் என்பதையே பேசிக்கொண்டிருந்தால், கண்டெடுத்தவரின் வரலாறுதான் எழுதப்படும், கண்டெடுக்கப்பட்டவருடையது எழுதப்படாது.

எனவே விவரம் தெரிந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். அவரைத் தமிழகத்தின் முதல் பெண் அமைச்சர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரிதானா? அவருடைய முதன்மையான துறை எது? மாநிலத்தோடு சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு மாவட்டத்துக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது? விழா மலர்களில் வருவதுபோன்ற புகழுரை வேண்டாம்; கட்டுரையில் வைத்தால் யாரும் எழுந்து மறுக்க முடியாத செய்திகளாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய தாள்

நல்ல முயற்சி. முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தமிழகத்தின் முதல் பெண் அமைச்சர் அவர் அல்லர். விடுதலைக்கு முன், 1946–47இல் பிரகாசம் தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவையில் ருக்மிணி லட்சுமிபதி பொதுச் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தார். விடுதலைக்குப் பின், இராஜாஜி அமைச்சரவையில் 1953–54இல் ஜோதி வெங்கடாசலம் இருந்தார். மூன்றாவதாக வருபவர்தான் லூர்தம்மாள் சைமன். விடுதலைக்குப் பிந்தைய காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் இரண்டாமவர்.

ஆனாலும் அவருக்கென்று ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. ருக்மிணி லட்சுமிபதியின் அமைச்சரவை ஏறத்தாழ ஓராண்டுதான் நீடித்தது. ஜோதி வெங்கடாசலம் முதன்முறை பதவியில் இருந்தது சில மாதங்கள். அவர் 1962இல் மீண்டும் அமைச்சராகி, பிற்காலத்தில் கேரள ஆளுநராகவும் இருந்தார். ஒரு சட்டமன்றத்தின் முழுக் காலத்துக்கும், அதாவது தேர்தல் முடிந்து பதவியேற்ற நாளிலிருந்து அடுத்த தேர்தல் வரை, இந்த மாநிலத்தில் தொடர்ந்து அமைச்சராக இருந்த முதல் பெண் என்று லூர்தம்மாள் சைமனைச் சொல்லலாம். "முதல்" என்ற சொல் கட்டுரையில் வந்தே தீரவேண்டும் என்றால் இந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். அவருக்குப் பின் 1967இல் அண்ணா அமைச்சரவையில் சத்தியவாணி முத்து வந்தார்.

அடுத்து அமைச்சரவையின் அளவைக் கவனியுங்கள். 1957 ஏப்ரல் 13 அன்று பொறுப்பேற்ற காமராஜர் அமைச்சரவையில் முதலமைச்சரையும் சேர்த்து மொத்தம் 8 பேர்தான். காமராஜர், எம். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், எம். ஏ. மாணிக்கவேலர், பி. கக்கன், வி. ராமையா, லூர்தம்மாள் சைமன். இன்றைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட அமைச்சர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த எட்டில் ஒன்று என்பதன் எடை எளிதில் விளங்குவதில்லை. நிதியைப் பார்த்த சி. சுப்பிரமணியமும், தொழில் துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமனும் பின்னர் தில்லி அரசியலில் எவ்வளவு உயரத்துக்குப் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு அதே மேசையில் உட்கார்ந்து, இன்று ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் பொறுப்பைத் தனியொருவராக ஏற்றவர் இவர்.

அவருடைய முதன்மையான துறை உள்ளாட்சி. மீன்வளமும் அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் மீன்வளம் மட்டும் நினைவில் நின்று, உள்ளாட்சி மறைந்துபோனதற்குக் காரணம், அவரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அவருடைய சமூகத்தை முன்னிட்டுப் பேசுகிறார்கள் என்பதுதான். அது அவர்கள் உரிமை. தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவர் அதோடு நின்றுவிடக் கூடாது.

மாவட்டத்துக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி: 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அடுத்த மார்ச்சில் தேர்தல், ஏப்ரலில் அமைச்சரவை. இணைந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு மாவட்டத்திலிருந்து, எட்டுப் பேரில் ஒருவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழகத்தோடு இணையக் கோரிப் போராடியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டின் காயம் ஆறாத காலம் அது. "வந்து சேர்ந்தவர்களை நாங்கள் ஓரத்தில் உட்கார வைக்க மாட்டோம்" என்று சொல்லவேண்டிய தேவை புதிய அரசுக்கு இருந்தது. அதைப் பேச்சில் சொல்லாமல் பதவியில் காட்டினார்கள். ஒரே நியமனத்தில் புதிய மாவட்டம், கடலோர மக்கள், கத்தோலிக்கச் சிறுபான்மையினர், பெண்கள் என்று நான்கு தரப்புகளுக்கு இடம் கிடைத்தது. இதில் அரசியல் கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் அவர் காமராஜரைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்று பொருள்.

பதில்: ஒன்றியத்துப் பழைய எழுத்தர்

பழைய தாள் ஐயா சொன்னதற்குப் பிறகு, துறையைப் பற்றிப் பேசவேண்டியது என்னைப் போன்றவர்கள் கடமை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கணக்குப் பிரிவிலேயே பணிக்காலத்தில் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். நாங்கள் பணியில் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு வேதம்போல் இருந்தது 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம். துறைத் தேர்வுக்கு அதைத்தான் படித்தோம். தணிக்கைக்காரர் வந்து நின்றால் அதைத்தான் பிரித்துக் காட்டினோம். 1994இல் இப்போதைய ஊராட்சிகள் சட்டம் வரும்வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத்துக் கிராம நிர்வாகம் அந்தச் சட்டத்தின் மேல்தான் நின்றது. அது இயற்றப்பட்டபோதும், பின்னர் நடைமுறைக்கு வந்தபோதும் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தவர் லூர்தம்மாள் சைமன்.

அந்தச் சட்டம் செய்த மாற்றம் சாதாரணமானதன்று. அதுவரை சென்னை மாநிலத்தில் மாவட்டந்தோறும் ஜில்லா போர்டு இருந்தது. சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம் என்று பெரும்பணம் புழங்கிய இடம் அது; அதன் தலைவர் பதவிக்கு ஒரு காலத்தில் அமைச்சர் பதவிக்கு நிகரான மதிப்பு இருந்தது. 1958இல் ஜில்லா போர்டுகளை ஒழிக்கும் ஏற்பாடு வந்தது. ஆட்சியரின் தலைமையில் மாவட்ட வளர்ச்சி மன்றம் அமைந்தது. அதற்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் நடுவில், வளர்ச்சி வட்டாரத்தின் எல்லையையே தன் எல்லையாகக் கொண்டு பஞ்சாயத்து யூனியன், அதாவது இன்று ஊராட்சி ஒன்றியம் என்று சொல்லும் அமைப்பு, பிறந்தது. 1960–61இல் படிப்படியாக மாநிலம் முழுவதும் 370க்கும் மேற்பட்ட யூனியன்கள் அமைக்கப்பட்டன. நாடு முழுவதற்கும் அடுக்கடுக்கான பஞ்சாயத்து அமைப்பைப் பரிந்துரைத்த பல்வந்த்ராய் மேத்தா குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 1957 நவம்பரில். மறு ஆண்டே இங்கே சட்டம் வந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். கோப்பு எவ்வளவு வேகமாக நகர்ந்திருக்க வேண்டும் என்பது, கோப்போடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தின் உள்ளே போனால், 500 பேருக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள கிராமத்துக்குக் கிராமப் பஞ்சாயத்து, 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறையாத வருவாயும் இருந்தால் டவுன் பஞ்சாயத்து என்று வரையறுத்தார்கள். தெருவிளக்கு, கிராமச் சாலை, சாக்கடை, குடிநீர்க் கிணறு, சுடுகாடு, இடுகாடு ஆகியவை பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகள் ஆயின. பஞ்சாயத்துத் தலைவர்கள் எல்லோரும் யூனியன் கவுன்சிலில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய தீர்மானத்தை நிறைவேற்றும் ஆணையராக வட்டார வளர்ச்சி அலுவலர் இருந்தார். வரவினத்தில், நிலவரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 நயா பைசா தலவரி (உள்ளாட்சிக்கென நிலவரியின் மேல் வாங்கும் கூடுதல் வரி) சேர்த்து வாங்கச் சட்டமே வழி செய்தது. இந்த 45 காசு என்ற எண் எங்கள் தலைமுறை எழுத்தர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிக்கதை இருக்கிறது. நமக்கு ஜில்லா போர்டு என்ற அனுபவமே கிடையாது. நாம் திருவிதாங்கூரிலிருந்து வந்தவர்கள். இங்கே திருவிதாங்கூர்-கொச்சிப் பஞ்சாயத்துச் சட்டம் 1950இலிருந்தும், நகராட்சிக்குக் கொல்லம் ஆண்டு 1116இல் (கி.பி. 1940–41) வந்த சட்டமும் நடப்பில் இருந்தன. இணைப்புக்குப் பின் சென்னை மாநிலச் சட்டங்களை இந்த மாற்றப்பட்ட பகுதிக்கு நீட்டிப்பதற்கென்றே 1957இல் தனிச் சட்டம் போட்டார்கள். ஆக, ஒரே நேரத்தில் மாநிலம் முழுவதற்கும் புதிய அமைப்பை உண்டாக்கவேண்டிய துறைக்கு, வேறொரு நிர்வாக மரபில் வளர்ந்த நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டைப் பகுதியையும் அந்த அமைப்புக்குள் கொண்டுவரும் வேலையும் சேர்ந்து வந்தது. அந்த மரபுக்குள்ளேயே வளர்ந்த ஒருவர் துறையின் தலைமையில் இருந்தது தற்செயலாக அமைந்ததா, தெரிந்தே அமைத்ததா என்பதை வாசகர் முடிவுக்கு விட்டுவிடலாம். என் கருத்து இரண்டாவதுதான்.

இந்த இரண்டு மரபுகளின் தடயத்தை இன்றும் கண்ணால் பார்க்க விரும்பினால், ஆரல்வாய்மொழியைத் தாண்டி நெல்லை மாவட்டத்துக்குள் போய்ப் பள்ளிக்கூடப் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். அங்கே "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று எழுதியிருக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் "அரசு தொடக்கப் பள்ளி" என்றுதான் இருக்கும். அங்கே ஜில்லா போர்டு நடத்திய பள்ளிகள் யூனியன் கைக்குப் போயின. இங்கே திருவிதாங்கூர் அரசு நேராக நடத்திய பள்ளிகள் அரசிடமே நின்றுவிட்டன. எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வரும் வெளிமாவட்டத்து ஆட்கள் பள்ளிக்கூடக் கட்டடக் கணக்கைத் தேடிவிட்டு, "இங்கே அந்தப் பதிவேடே இல்லையா?" என்று முதல் வாரத்திலேயே கேட்பார்கள்.

இன்று மாவட்டத்தில் உள்ள அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் என்ற 9 ஒன்றியங்களும் அந்த ஏற்பாட்டின் வழி வந்தவையே. கேள்வி கேட்ட நண்பர் குருந்தன்கோட்டுக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம்: கட்டுரையை வாசித்துவிட்டு, சன்னல் வழியாக ஒன்றிய அலுவலகத்தின் பக்கம் கையைக் காட்டினாலே போதும்.

பதில்: கடியபட்டணத்து மகள்

எழுத்தர் ஐயா எழுதியதை இருமுறை படித்தேன். அதில் எனக்குத் தெரியாத செய்தி நிறைய இருந்தது. ஆனால் நீங்கள் இருவரும் மீன்வளத்தைச் சற்று ஒதுக்கிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. உள்ளாட்சி பெரிய துறை, மீன்வளம் சிறிய துறை என்பது தலைமைச் செயலகத்தின் கணக்கு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை உள்ள எங்கள் கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது.

அவர் பதவியேற்ற காலத்தில் கடலில் என்ன இருந்தது என்று பாருங்கள். கட்டுமரம், வள்ளம், கரைமடி. பாய் விரித்துக் காற்றை நம்பிப் போன தொழில். பருத்தியிலும் சணலிலும் முடைந்த வலைகள். ஒவ்வொரு முறையும் கரையில் விரித்துக் காயவைத்து, சாயம் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும். இதற்கிடையில் கொல்லம் நீண்டகரையில், நார்வே நாட்டு உதவியோடு 1953இலிருந்தே இயந்திரப் படகுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது வேற்று நாட்டுச் செய்தியன்று. பருவத்துக்குப் பருவம் அங்கே தொழிலுக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். 1956 வரை ஒரே மாநிலமாக இருந்த கடற்கரை திடீரென்று இரண்டாகப் பிரிந்து, படகும் ஐஸ் தொழிற்சாலையும் அந்தப் பக்கம் நின்றுவிட்டது என்ற எண்ணம் இங்கே இருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம், அதாவது 1956 முதல் 1961 வரை, இயந்திரப் படகும் நைலான் வலையும் இந்தியக் கடற்கரையெங்கும் நுழையத் தொடங்கிய காலம். அந்த நேரத்தில், கட்டுமரம் எப்படிக் கரையேறும் என்று கண்ணால் பார்த்து வளர்ந்த ஒருவர் மீன்வளத்தைக் கவனிக்கும் அமைச்சராக இருந்தார் என்பது வெறும் அடையாளச் செய்தி இல்லை.

அதே நேரத்தில், எங்கள் ஊர்களில் உள்ளாட்சிக்கும் ஒரு வேறான பொருள் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உள்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்து வருவதற்கு முன் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது வேறு கதை. கடற்கரையில் பங்குக் கோயில்தான் எல்லாம். மீன் ஏலத்தில் கோயிலுக்கான குத்தகை, அதாவது கோயிலுக்கென ஒரு பங்கு, பிடிக்கப்பட்டது. ஊர்ச் சண்டை கோயில் முற்றத்தில் தீர்ந்தது. தெருவுக்கு விளக்கு வேண்டும் என்றாலும் பங்குத் தந்தையிடம்தான் போவார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு, வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுத்த ஓர் அமைப்பு, கிணற்றுக்கும் விளக்குக்கும் பொறுப்பேற்கும் என்பது புதிய செய்தி. அந்தச் செய்தி வந்த காலத்தில் துறையமைச்சராக இருந்தவர் அதே பங்கு மரபில் வந்த ஒரு பெண். கோயிலுக்கும் பஞ்சாயத்துக்கும் எங்கள் பக்கத்தில் இன்றும் ஓர் இழுபறி உண்டு. ஆகவே எல்லாம் ஒரே நாளில் மாறிற்று என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னொரு வேண்டுகோள். "காமராஜர் ஒரு மீனவப் பெண்ணை அமைச்சராக்கினார்" என்ற வாக்கியத்தை எங்கள் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த வாக்கியத்தில் எழுவாய் காமராஜர். நீங்கள் எழுதும் கட்டுரையில் லூர்தம்மாள் எழுவாயாக வரும் வாக்கியங்கள் சிலவாவது இருக்கட்டும்: வாக்குக் கேட்டார், வென்றார், பதவியேற்றார், துறையை நடத்தினார், மானியக் கோரிக்கைக்குப் பதில் சொன்னார். ஐந்தாண்டுகள் இதைச் செய்தவரை இன்னும் "ஆக்கப்பட்டவர்" என்றே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

கேள்வி கேட்டவர்: குருந்தன்கோடு வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டுரையின் வடிவம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளாட்சியை நடுவில் வைத்து, மீன்வளத்தை அதன் பக்கத்தில் தனிப் பகுதியாக எழுதப்போகிறேன். கடியபட்டணத்துச் சகோதரி சொன்ன குத்தகைச் செய்தியை இரண்டுக்கும் பாலமாக வைக்கலாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இணைப்புப் போராட்டத்தை நடத்தியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் நேசமணி. அப்படியிருக்க, அமைச்சர் பதவி அவருக்கு ஏன் போகவில்லை என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள், யார் கேட்பார் என்றுகூட எனக்குத் தெரியும். மற்றொன்று, 1962க்குப் பின் லூர்தம்மாளின் பெயர் ஏன் சட்டமன்றப் பட்டியலில் இல்லை?

பதில்: பழைய தாள்

கேட்பவரை முன்கூட்டியே அறிந்திருப்பது பாதி வெற்றி.

நேசமணியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் வைக்கிறேன். பள்ளியாடியில் 1895இல் பிறந்தவர், நாகர்கோவிலில் வழக்கறிஞர். முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பில் நின்று மக்களவைக்குச் சென்றார். இணைப்புக்குப் பின் 1957இல் காங்கிரஸ் வேட்பாளராகக் கிள்ளியூரில் நின்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1962இலும் 1967இலும் மீண்டும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனார். 1968 ஜூன் 1இல் உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார். அந்த இடத்துக்கு 1969இல் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நாகர்கோவிலில் நின்று வென்றார்.

ஆகவே 1957இல் நேசமணியும் லூர்தம்மாளும் ஒரே கட்சியின் உறுப்பினர்களாக ஒரே அவையில் இருந்தவர்கள். ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இதற்கு நான் கொடுக்கும் விளக்கம் என் கருத்து மட்டுமே. கட்டுரையில் வைத்தால் கருத்தாகவே வையுங்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் 1952இல் அமைந்த ஏ. ஜே. ஜான் அமைச்சரவையைத் தாங்கிப் பிடித்ததும், பின்னர் ஆதரவை விலக்கிக்கொண்டு அதை வீழ்த்தியதும் நேசமணியின் கட்சி. அந்தத் துணிச்சல்தான் நமக்கு மாவட்டத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால் ஓர் ஆளுங்கட்சி, எட்டே பேர் கொண்ட அமைச்சரவைக்கு ஆள் தேடும்போது, தனக்கென்று ஒரு படையும் ஒரு கோரிக்கைப் பட்டியலும் வைத்திருக்கும் தளபதியைச் சற்றுத் தள்ளித்தான் உட்கார வைக்கும். அதோடு, இணைப்புக் கோரிக்கையில் இருந்தும் கேரளத்தோடு நின்றுவிட்ட தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகள் கிடைக்காமல் போன மனக்குறை தென்பகுதித் தலைவர்களுக்குத் தீரவில்லை. கேரளத்தோடு எல்லைப் பேச்சை முடித்துக்கொள்ள விரும்பிய ஓர் அரசுக்கு அது சங்கடம். அந்தச் சங்கடம் எதுவும் இல்லாத, அதே சமயம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் குளச்சலில் வென்றிருந்தார்.

இதை நேசமணிக்கு இழைத்த அநீதி என்று கூட்டத்தில் யாராவது முழங்கினால், விட்டுவிடுங்கள். அமைச்சராகாததால் அவர் புகழ் குறைந்ததா என்று அவர்களையே கேட்டுப் பார்க்கலாம். மாவட்டத்தில் யாருக்குச் சிலை இருக்கிறது, யாருடைய பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பது கண்கூடு. எட்டுப் பேர் அமைச்சரவையில் ஐந்தாண்டுகள் இருந்தவரைப் பற்றித்தான் இப்போது நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது ஐயம்: 1962இல் குளச்சலில் காங்கிரஸ் சார்பில் வென்றவர் ஏ. சிதம்பரநாத நாடார். 1967இலும் அவரே. ஜான் அமைச்சரவையில் அமைச்சராக இருந்த பழைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்காரர். அதாவது, தொகுதி காங்கிரஸை விட்டுப் போகவில்லை. கட்சிக்குள் ஆள் மாறியது. 1957இல் முன்னுக்கு வராத இணைப்புப் போராட்ட அணி, ஐந்தாண்டில் கட்சிக்குள் தன் இடத்தைப் பெற்றுக்கொண்டது என்று நான் வாசிக்கிறேன். கடலோர வாக்கு ஒரு தொகுதியில் எவ்வளவுதான் திரண்டாலும், உள்நாட்டு வாக்கோடு சேராமல் குளச்சலில் யாரும் வெல்ல முடியாது என்பது அன்றும் இன்றும் உள்ள நிலைமை.

பதில்: கடியபட்டணத்து மகள்

கடைசி வரியோடு உடன்படுகிறேன், ஆனால் அதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். எங்கள் கடற்கரை நீளவாக்கில் கிடக்கிறது. தொகுதிகள் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், கிள்ளியூர் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் கடற்கரையில் ஒரு துண்டு. எந்தத் துண்டிலும் நாங்கள் மட்டும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அதனால்தான் 1957 எங்களுக்கு அவ்வளவு பெரிய ஆண்டாக நினைவில் நிற்கிறது. பழைய தாள் ஐயா சொன்ன அரசியல் கணக்கு அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். கணக்குப் போட்டு எங்களைச் சேர்த்த ஓர் ஆண்டாவது இருந்ததே.

பதில்: ஒன்றியத்துப் பழைய எழுத்தர்

கட்டுரைக்கு ஆதாரம் தேடும் வழியைச் சொல்லி முடிக்கிறேன். அமைச்சர் என்ன செய்தார் என்பதற்கு நேர்ச் சாட்சி சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். 1957 முதல் 1962 வரையிலான தொகுதிகளில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கேள்வி நேரத்தில் உள்ளாட்சி, மீன்வளம் பற்றிய வினாக்கள்; ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அமைச்சரின் பதிலுரை; 1958 பஞ்சாயத்து மசோதாவின் மீது நடந்த விவாதம். மானியத்தைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து பேசிய எதிர்க்கட்சி உறுப்பினர்களின் உரைகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும், தி.மு.க. முதன்முதலாக நுழைந்த சட்டமன்றம் அது, அண்ணாவும் கருணாநிதியும் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அமைச்சரை யார், எதற்காக மடக்கினார்கள் என்று தெரிந்தால்தான் அவர் எப்படி நின்றார் என்பதும் தெரியும்.

சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகமும், பக்கத்திலேயே ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. போகிறவர் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பவேண்டாம். அரசாணைகளைத் தேட, துறையின் பெயரும் ஆண்டும் எண்ணும் கையில் இருந்தால்தான் எடுத்துத் தருவார்கள். முதலில் பேரவைக் குறிப்பைப் படித்து, அதில் அமைச்சர் குறிப்பிடும் அரசாணை எண்களைக் குறித்துக்கொண்டு காப்பகத்துக்குப் போங்கள். நம் மாவட்டத்தைப் பற்றிய கோப்புகளில் பழைய திருவிதாங்கூர் ஆவணங்கள் இணைத்திருந்தால் அவை மலையாளத்தில் இருக்கும், தேதியும் கொல்லம் ஆண்டில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்வது நல்லது. விளவங்கோட்டுப் பக்கம் அப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.